ரெக்கை இல்லாத ஃபேன்

அந்த ஃபேனை நிறுத்தாதீங்க மேடம். சுவிட்சுல மட்டும் கை வைக்காதீங்க, அவ்ளோதான் கேட்டுக்கறேன். காத்து வரலன்னுதானே பாக்குறீங்க? வராது. அதுல ரெக்கையே கிடையாது, நான்தான் கழட்டி வச்சேன். தலை மட்டும் ஆடும். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அது மனுஷங்களுக்குப் போட்ட ஃபேன் இல்ல மேடம்.

யாருக்குன்னா... சொல்றேன். முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், முட்டி வலிக்கும். இந்த கம்ப்யூட்டர் ரூம்ல எல்லா நாற்காலியும் குட்டிதான். ரூம் என்னமோ பெரிய கிளாஸ் பசங்களுக்குத்தான். ஆனா மேஜைக்குப் பணம் ஒரு திட்டத்துல வந்துச்சாம், நாற்காலிக்கு இன்னொரு திட்டத்துல வந்துச்சாம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல போலிருக்கு. என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்தா தாடை வந்து மேஜையில இடிக்கும். உக்காந்தாத்தானே இடிக்கும்னு அப்படியே விட்டுட்டாங்க. நீங்க இந்த அட்டைப்பெட்டி மேல உக்காருங்க. நல்லா கெட்டியா இருக்கும், உள்ள ஹெட்போன்.

ஹெச்.எம் முன்கேட்டுல நிக்கிறாரு. உங்களுக்காகத்தான். டிரம் சத்தம் கேக்குதுல்ல, அதுவும் உங்களுக்காகத்தான். நீங்க வர்ற வரைக்கும் அடிக்கச் சொல்லியிருக்காரு, நீங்க வந்தாச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, அடிச்சுக்கிட்டே இருக்காங்க. சைடு கேட் வழியா வந்துட்டீங்க, அது யாரு தப்பும் இல்ல, உங்க டிரைவருக்கு என்ன தெரியும். வாட்ச்மேனைப் போய்ச் சொல்லச் சொல்லியிருக்கேன். அவர் மெதுவாத்தான் போவாரு. போற வழியில யாராவது கூப்பிட்டாலும் காதுல விழாது, பாத்தீங்கல்ல, காது ரெண்டையும் மூடி மாட்டியிருந்தாரே. பாட்டெல்லாம் கேக்கல மேடம். காலையில குளிருதாம். அதுவும் இந்தப் பெட்டியிலேர்ந்து எடுத்ததுதான்.

வருஷக் கடைசியில பணம் மிஞ்சினா திரும்பிப் போயிடுமாமே? திரும்பிப் போச்சுன்னா அடுத்த வருஷம் தர மாட்டாங்களாமே? அதனால ஒரே நாள்ல என்ன வாங்க முடியும்னு பாத்து, பள்ளிக்கூடத்துல இருக்கற எல்லாப் பசங்களுக்கும் ஹெட்போன் வாங்கினாங்க. ஒண்ணாங்கிளாஸுக்கும் சேத்து. வயரைச் சொருகறதுக்கு ஒரு ஓட்டை வேணும்ல, அதைப் பத்தி யாரும் யோசிக்கல. அந்த மாசம் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டிருந்தோம். அது இந்தக் கணக்குல வராதாம்.

தாழ்ப்பாள்னதும் ஞாபகம் வருது. உங்க கல்வி ஆபீஸ்லேர்ந்து ஒரு குழு வந்துச்சு, நான் படிச்சுக்கிட்டிருந்தப்போ. பசங்ககிட்டயே நேரா கேக்கறாங்களாம், உங்களுக்குத் தொழில்நுட்பத்துல என்ன தேவைன்னு. நான் எழுந்து தாழ்ப்பாள்னு சொன்னேன். அந்த ஐயா சிரிச்சாரு. தொழில்நுட்பம்ப்பா, தொழில்நுட்பம்னாரு. உள்ள இருக்கறவன் கதவைக் கையால பிடிச்சுக்காம இருக்கறதுக்கு ஒரு கருவி கண்டுபிடிச்சிருக்காங்க ஐயா, அது பேரு தாழ்ப்பாள்னேன். கிளாஸே சிரிச்சுது. அவரு ஏதோ எழுதிக்கிட்டாரு. அடுத்த மாசம் ஸ்மார்ட் போர்டு வந்துச்சு.

அதையும் எங்க மாட்டினாங்க தெரியுமா, கரும்பலகை மேலயே மாட்டினாங்க. கணக்கு வாத்தியார் பழக்க தோஷத்துல, சாக்பீஸ் பதியலன்னு அது மேல மார்க்கரால ஒரு முக்கோணம் போட்டுட்டாரு. அழியல. பெட்ரோல் போட்டுத் தேச்சாங்க, அழியல. இப்போ எந்தப் படம் ஓடினாலும் நடுவுல முக்கோணம் நிக்குது. இருதயம் காட்டினா இருதயத்துக்குள்ள முக்கோணம், கடல் காட்டினா கடலுக்குள்ள முக்கோணம். கீழ்கிளாஸ் பையன் ஒருத்தன் பரீட்சையில இருதயம் வரைஞ்சு நடுவுல முக்கோணமும் வரைஞ்சு வச்சிருக்கான். அவனுக்கு மார்க் போடறதா வேணாமான்னு ஸ்டாஃப் ரூம்ல பெரிய சண்டை.

சரி சரி, ஃபேன். வரேன்.

நான் யாருன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல. நான் இந்த ரூமுக்கு உதவியாளர். இங்கயேதான் படிச்சேன். அதே கணக்கு வாத்தியார்கிட்டதான் கடைசிப் பரீட்சையில கோட்டை விட்டேன், திருப்பி எழுதச் சொன்னாங்க, எனக்குப் பொறுமை இல்ல, நின்னுட்டேன். வீட்ல அம்மா தையல் மிஷின்ல உக்காந்தா எழுந்திருக்க மாட்டாங்க. நான் சும்மா படுத்திருந்தா மிஷின் சத்தமே திட்டற மாதிரி இருக்கும். அப்பத்தான் ஹெச்.எம் கூப்பிட்டு இந்த வேலையைக் குடுத்தாரு. கம்ப்யூட்டர் ரூம் உதவியாளர்னு அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமான்னு யாரும் கேக்கல. எனக்கு ஆன் பண்ணத் தெரியும் மேடம். ஆஃப் பண்ணத் தெரியும். நடுவுல என்ன பண்றதுன்னு தெரியாது.

ஹெச்.எம்முக்கும் தெரியாது. தப்பா சொல்லல, அவருதான் சொன்னாரு. அவரு நல்ல மனுஷன். பயந்த மனுஷன், அவ்ளோதான். முன்னாடி இருந்த பள்ளிக்கூடத்துல ஒரு பையன் கீபோர்டுல ஜூஸைக் கொட்டிட்டான்னு, ஓய்வு பெறப்போற தலைமையாசிரியரை ஆறேழு தடவை உங்க ஆபீஸுக்கு வரவச்சு நிக்க வச்சாங்களாம். அதைக் கண்ணால பாத்தவரு. அதனால இங்க வந்த முதல் நாளே ரூமைப் பூட்டிட்டாரு. பாருங்க, கீபோர்டு மேல பாலிதீன்கூட பிரிக்கல. கடையில இருந்து வந்த மாதிரியே இருக்கு. பசங்க ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பாப்பாங்க. மிருகக்காட்சி சாலையில பாப்பாங்களே, அந்த மாதிரி.

பூட்டி வச்சா நிம்மதின்னு இருந்தவருக்கு நீங்க அனுப்பினீங்க ஒரு பொட்டி. அதோ, சுவத்துல பச்சை விளக்கு எரியுதே, அதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு எண்ணி எண்ணி அங்க அனுப்புமாம். நேரம் கம்மியா இருந்தா ஏன் உபயோகிக்கலன்னு கேள்வி வரும். உபயோகிச்சா ஒடைஞ்சுதேன்னு கேள்வி வரும். அவரு என்ன பண்ணுவாரு? ரெண்டு நாள் ரூமுக்கு முன்னாடி குறுக்கும் நெடுக்கும் நடந்தாரு. மூணாவது நாள் சாவியை எங்கிட்ட குடுத்துட்டாரு. காலையில எல்லாத்தையும் போடு, சாயங்காலம் எல்லாத்தையும் அணை, நடுவுல யாரையும் விடாதே. இதுதான் என் வேலை.

கேக்க சுலபமா இருக்குல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்தப் பொட்டி லேசுப்பட்டது இல்ல மேடம். கொஞ்ச நேரம் யாரும் தொடலன்னா கம்ப்யூட்டர் தூங்கிடுது. தூங்கினா அந்தப் பொட்டி எண்ணாது. அதனால நான் என்ன பண்ணணும்? முதல் மேஜையில மவுஸை ஒரு ஆட்டு ஆட்டி, அடுத்ததை ஆட்டி, அதுக்கடுத்ததை ஆட்டி, கடைசிக்கு வர்றதுக்குள்ள முதல்ல இருக்கறது கண்ணை மூடியிருக்கும். திரும்ப ஓடணும். ஒரு ரூம் முழுக்க கைக்குழந்தைங்களை வச்சுக்கிட்டு ஒத்தை ஆள் தாலாட்டற மாதிரி. அதுவாவது தூங்க வைக்கறது. இது தூங்க விடாம பாத்துக்கறது. சாப்பிடப் போக முடியாது. வீட்டுக்குப் போனா கை தானா ஆடுது, என்னடா கை இப்படி நடுங்குதுன்னு அம்மா பயந்துட்டாங்க.

இந்தப் பொட்டியை யோசிச்சவங்க யாருன்னு தெரியல, அவங்க மட்டும் என் கண்ணுல பட்டா...

ஓ.

நீங்களா?

இல்ல இல்ல, எழுந்திருக்காதீங்க. நல்ல யோசனைதான் மேடம், நிஜமாத்தான் சொல்றேன். பணத்தைக் குடுத்துட்டு யாராவது தொடறாங்களான்னு பாக்கணும்ல. பூட்டு போடறதுக்கு ஹெச்.எம் மாதிரி ஒருத்தர் இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆட்டறதுக்கு என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான்னும் தெரியாது. காயிதத்துல நாங்க யாரும் இல்லல்ல.

அங்கதான் ஃபேன் வந்துச்சு. இந்த ஸ்டாண்டு ஃபேன் ஸ்டோர் ரூம்ல கிடந்தது, எடுத்து பிளக்ல சொருகிப் பாத்தேன். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கிட்டு நின்னுச்சு, நான் பகல் முழுக்க பண்ற வேலையை அது சும்மாவே பண்ணுது. ரெக்கையைக் கழட்டினேன், அதுல நூல் சிக்கும்ல அதுக்காக. கழுத்துல ஒடைஞ்ச துடைப்பக் கட்டையைக் குறுக்கக் கட்டினேன். அம்மாகிட்ட தையல் நூல்கண்டு வாங்கிட்டு வந்து கட்டையிலேர்ந்து ஒவ்வொரு மவுஸுக்கும் ஒரு நூல். கீழ குனிஞ்சு பாருங்க, தெரியுதா? தலை இந்தப் பக்கம் போனா இந்த வரிசை மவுஸெல்லாம் நகரும். அந்தப் பக்கம் போனா அந்த வரிசை. பின்னாடி இழுக்க ஒரு ரப்பர் பேண்டு. ஒண்ணுகூட தூங்காது. ஹெச்.எம் வந்து குனிஞ்சு ஒவ்வொரு நூலா தொட்டுப் பாத்தாரு. அப்புறம் நீ ஏண்டா கணக்குல ஃபெயிலானன்னு கேட்டாரு.

அதோட நிறுத்தியிருந்தா ஒரு வம்பும் இல்ல. சாயங்காலம் அணைச்சுட்டுப் போன்னு தினமும் சொல்லுவாரு. ஒவ்வொண்ணா அணைக்கணும், காலையில ஒவ்வொண்ணா போடணும்... எனக்குச் சலிப்பா இருந்துச்சு மேடம். ஓடிக்கிட்டுதானே இருக்குன்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். ராத்திரி ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை ஓடுச்சு. லீவு விட்டப்போ பள்ளிக்கூடத்துல ஒரு காக்கா இல்ல, இங்க மட்டும் எல்லா மவுஸும் வரிசையா நகந்துக்கிட்டு இருந்துச்சு. அங்க ஆபீஸ்ல யாருக்காவது சந்தேகம் வர வேணாமா? ஞாயித்துக்கிழமை ராத்திரி எந்தப் பையன் வந்து உக்காந்து படிப்பான்?

சந்தேகம் வரல. கடிதம்தான் வந்துச்சு.

ஹெச்.எம் பிரேயர்ல படிச்சாரு. மாவட்டத்துலயே கம்ப்யூட்டரை அதிகமா உபயோகிக்கற பள்ளிக்கூடம் நம்ம பள்ளிக்கூடம்னு. பசங்க கை தட்டினாங்க பாருங்க, அப்படி ஒரு தட்டு. தட்டினதுல ஒரு கையாவது மவுஸைத் தொட்டிருக்கணுமே, கிடையாது. நான் பின்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ரெண்டாவது பாரா படிச்சாரு. உபயோகம் நல்லா இருக்கற பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கம்ப்யூட்டர் வரும். உபயோகம் இல்லாத பள்ளிக்கூடத்துக்குத்தான் கம்ப்யூட்டர் டீச்சர். இங்க பசங்க தானாவே கத்துக்கறாங்க, அதனால இங்க போடறதா இருந்த டீச்சரை மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துக்கு மாத்தறோம்னு.

அந்த டீச்சர் ஒரு தடவை வந்து இந்த ரூமைப் பாத்துட்டுகூடப் போனாங்க மேடம். உள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா ஒரு கீபோர்டு பாலிதீனைக் கிழிக்கப் போனாங்க, ஹெச்.எம் பதறிட்டாரு. அப்புறம் நாற்காலியைப் பாத்துட்டு, பசங்க நின்னுக்கிட்டே பழகட்டும் சார், அதுவரைக்கும் பூட்டை மட்டும் எடுங்கன்னாங்க. என் தங்கச்சி ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா.

தங்கச்சியைப் பத்தி சொல்லலையே. பத்தாங்கிளாஸ். எனக்கு நேர் எதிர், படிப்புன்னா உயிரு. இந்த வருஷத்துலேர்ந்து கடைசிப் பரீட்சையைக் கம்ப்யூட்டர்லதான் எழுதணும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? பேப்பர் கிடையாதாமே? அவ எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும், அதுக்கு இனிமே மார்க் இல்ல. சரின்னு எல்லாரும் பழகறாங்க. எப்படிப் பழகறாங்க தெரியுமா? அட்டையில கீபோர்டு வரைஞ்சு வச்சுக்கிட்டு. மவுஸுக்கு பதிலா போர்டு அழிக்கற டஸ்டர். கிளாஸ் டீச்சர் 'கிளிக்'னு சொன்னா எல்லாரும் டஸ்டரைத் தட்டுவாங்க, தூள் பறக்கும், ஒரே இருமல். வீட்லயும் அந்த அட்டையை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் தட்டிக்கிட்டே இருப்பா. அம்மா மிஷின் ஒரு பக்கம், இவ அட்டை ஒரு பக்கம். வேகமாத்தான் தட்டறா. ஆனா சரியா தட்டறாளான்னு யாருக்குத் தெரியும்? அட்டை தப்புன்னு சொல்லாதே.

ஒரு நாள் எல்லாரும் போனப்புறம் இங்க கூட்டிட்டு வந்தேன். உக்காந்தா. மவுஸ் மேல கை வச்சா. அந்த நேரம் பாத்து ஃபேன் இந்தப் பக்கம் திரும்புச்சு, மவுஸ் கையோட சேந்து இழுத்துக்கிட்டுப் போச்சு. அண்ணா இது என்னை விட மாட்டேங்குதுன்னு சிரிச்சா. அப்புறம் எங்கயோ தட்டினா, திரையில ஏதோ கேள்வி கேட்டு ஒரு கட்டம் வந்துச்சு. இது என்னண்ணா, சரின்னு குடுக்கறதா வேணாம்னு குடுக்கறதான்னு கேட்டா. எனக்குத் தெரியல மேடம். சாவி வச்சிருக்கறவன் நானு, எனக்குத் தெரியல. அவ எழுந்துட்டா. அப்புறம் கூப்பிட்டாலும் வரல.

கடிதம் படிச்ச அன்னைக்கு சாயங்காலம் அம்மா ஸ்வீட் வாங்கி வச்சிருந்தாங்க, பையன் ரூமுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்னு. இவ தொடல. புஸ்தகப் பையை ஓரமா வச்சுட்டு எங்கிட்ட வந்து நின்னா. சத்தமெல்லாம் போடல. "உன் ஃபேன் பாஸாயிடுச்சுண்ணா. நாங்கதான் ஃபெயில்." அவ்ளோதான் சொன்னா. அதுலேர்ந்து எங்கிட்ட பேச்சு இல்ல. உப்பு வேணும்னாகூட அம்மா வழியாத்தான் கேக்கறா.

நான் ஹெச்.எம்கிட்ட போய்க் கேட்டேன். சார், ஆட்டறதுக்கு ஆள்தானே வேணும், வெளிய அவ்வளவு பசங்க இருக்காங்க, அவங்களே ஆட்டட்டுமேன்னு. அவரு யோசிச்சாரு. உண்மையாவே யோசிச்சாரு மேடம், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அப்புறம், பசங்க ஒடைப்பாங்கடா, ஃபேன் ஒடைக்காதுன்னாரு. எனக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் சர்வீஸ் இருக்குன்னாரு. அவரைத் திட்டவும் முடியல. உங்களையும் திட்டலாம்னு இருந்தேன், இப்போ நேர்ல பாத்தா நீங்களும் அட்டைப்பெட்டி மேல முதுகு வலிக்க உக்காந்திருக்கீங்க. யாரைத்தான் திட்டறது?

என்னையேதான் திட்டிக்கணும். சாயங்காலம் அணைன்னு சொன்னா அணைச்சிருக்கணும். அணைச்சிருந்தா சுமாரா ஒரு நேரம் காட்டியிருக்கும், பரிசும் வந்திருக்காது, டீச்சரும் போயிருக்க மாட்டாங்க. கைவலிக்குப் பயந்து கட்டின நூல், போயும் போயும் என் வீட்டு ஆளு கழுத்தைத்தான் சுத்தியிருக்கு.

இன்னைக்கு நீங்க பாத்துட்டு, மாதிரிப் பள்ளின்னு கையெழுத்து போட்டா முடிஞ்சுதாமே? அப்புறம் மூணு வருஷத்துக்கு டீச்சர்னு இந்தப் பக்கமே பேச்சு கிடையாதாமே? ஹெச்.எம்தான் சொன்னாரு. உங்களுக்குக் காட்டறதுக்குப் பத்து பசங்களை நேத்து பொறுக்கி எடுத்தாங்க. சட்டை யாருக்கு நல்லா இருக்கோ அவங்க. நடு வராண்டாவுல டஸ்டரை வச்சுக்கிட்டு நேரா உக்காந்து சிரிக்கப் பழக்கியிருக்காங்க. எங்க தங்கச்சி அதுல இல்ல. அவளைக் கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளாம். கிளாஸ் டீச்சரே சொன்னாங்க. என்னைப் பத்தி அவங்க அப்படி யோசிக்கல. கணக்குல ஃபெயிலானவன் என்னத்தைச் சொல்லிடப் போறான்னு விட்டுட்டாங்க போல.

என்ன மேடம், பேனாவை மூடிட்டீங்க? எழுதிக்கங்க. ஹெச்.எம் மேல மட்டும் போட்டுறாதீங்க, கட்டினது நான். வேலை போகும், தெரியும். அம்மா மிஷின் சத்தம் மறுபடியும் ஆரம்பிக்கும். அது சத்தம்தானே, கேட்டுக்கலாம். இன்னும் நாப்பது கம்ப்யூட்டர் வந்தா நாப்பதுக்கும் நூல் கட்டணும், அந்தப் பொழப்புக்கு இது பரவாயில்ல.

டிரம் நின்னுடுச்சு, கேட்டீங்களா? வாட்ச்மேன் போய்ச் சேந்துட்டாரு. இப்போ ஓடி வருவாரு ஹெச்.எம். பூங்கொத்தைக் கையில வச்சுக்கிட்டு ஓட வராது அவருக்கு, பாவம், மூச்சு வாங்கும். கொஞ்சம் தண்ணி குடுத்துட்டு அப்புறம் கேள்வி கேளுங்க. உள்ள வந்ததும் உங்களை வணங்க மாட்டாரு, தப்பா நினைக்காதீங்க. அவர் கண்ணு முதல்ல ஃபேனைத்தான் தேடும்.

ஏன்னா காலையில என்னைத் தனியா கூப்பிட்டு, மேஜை டிராயர்லேர்ந்து கத்திரிக்கோலை எடுத்து கையில குடுத்தாரு. மேடம் வர்றதுக்குள்ள நூலையெல்லாம் அறுத்துடு. கட்டையைக் கழட்டிடு. ரெக்கையை மாட்டிடு, அவங்களுக்குக் காத்து வரணும். மூணு தடவை சொன்னாரு. நானும் மூணு தடவை சரி சார்னேன்.

ரெக்கை அதோ, பீரோ மேல இருக்கு. கத்திரிக்கோல் இங்க, என் பாக்கெட்ல. காலையிலேர்ந்து வெளியவே எடுக்கல.